ரெண்டாவதுல பாதி

இந்த பெஞ்ச உட்டு நான் எந்திரிக்கப் போறதில்ல. மூத்திரம் முட்டினாலும் சரி, வாட்ச்மேன் வந்து கையப் புடிச்சு இழுத்தாலும் சரி. இன்னிக்கு எந்திரிச்சுப் போனா நாளைக்கு வரச் சொல்லுவாங்க, நாளைக்கு வந்தா திங்கக்கெழமைம்பாங்க, திங்கக்கெழமை வந்தா எதுக்குப்பா அலையுற, ஜூன் மாசம் வாயேன்னு நல்ல மாதிரியா சொல்லி அனுப்பிருவாங்க. நல்ல மாதிரியா சொல்றதுதான் எனக்கு பயம். திட்டினாங்கன்னா நின்னு பதில் சொல்லிருவேன். நல்ல மாதிரியா சொன்னா தலைய ஆட்டிட்டு வந்துருவேன், அப்டித்தான் போன தடவ வந்தேன், அதுக்கு முந்தின தடவையும் வந்தேன். கேட்டு தாண்டி ரோட்டுக்கு வந்தப்பறம்தான், அய்ய, இன்னாடா சொல்லிட்டு வந்தோம்னு தோணுச்சு. இன்னிக்குத் தலைய ஆட்டப் போறதில்ல. ஸ்கூலு வராண்டா சிமெண்டு பெஞ்சு இன்னும் ராத்திரி ஈரம் காயாம ஜில்லுனு இருக்கு. நிவி என் பக்கத்துல ஒட்டிக்கினு குந்தியிருக்கா. காலு தரைக்கு எட்டல, ஆட்டிக்கினே இருக்கா, ஷூ ரெண்டும் பெஞ்சுல டொக்கு டொக்குனு இடிக்குது. ஆட்டாத கண்ணுன்னு சொல்லலாம். ஆட்டட்டும். பழைய ஸ்கூலு யூனிபாரத்தையே போட்டுக்கினு வந்திருக்கா, பாவாட முட்டிக்கு மேல ஏறிடுச்சு. இங்க குடி வந்து இத்தன மாசத்துல பொண்ணு வளந்துட்டா, கிளாஸுதான் வளரல. சட நான் பின்னினது. அவ அம்மா கோமளா விடியறதுக்கு முந்தியே பழைய ஏரியாவுக்கு வீட்டு வேலைக்கு பஸ் ஏறிடறா, அப்பால சட பின்ன யாரு இருக்கா. மொதல்ல கயிறு திரிக்கற மாதிரி திரிச்சேன், அழுதா. இப்ப வருது. ஆனா இடது சட எப்பவும் வலதுக்குக் கொஞ்சம் மேல நிக்குது, அது மட்டும் எனக்குப் புடிபடல. உள்ள கூப்புட்டா ஹெச்செம் மேடம் அதப் பாப்பாங்களோ, இன்னா இது, வளக்கத் தெரியாத வூட்டுப் புள்ளன்னு நெனப்பாங்களோ. ரிப்பனக் கொஞ்சம் கீழ இழுத்து உட்டேன். "வலிக்குதுப்பா"ன்னா. சரி சரி, உட்டுட்டேன்.

ஒரு வாக்கியத்த மனப்பாடம் பண்ணிக்கினு வந்திருக்கேன். எங்க பிளாக்குல கீழ் வீட்டுல அங்கன்வாடி நடக்குது, அந்த சாந்தகுமாரி டீச்சர் சொல்லிக் குடுத்தது. "லோகு, பயப்படாதீங்க. டீசி இல்லைன்னாலும் புள்ளைய சேத்துக்கணும்னு சட்டம் இருக்கு. வருஷத்துல எந்த மாசம் போனாலும் சேத்துக்கணும். அப்டியே சொல்லுங்க"ன்னாங்க. டீசி இல்லைன்னாலும் புள்ளைய சேத்துக்கணும்னு சட்டம் இருக்கு மேடம். பல்லு வெளக்கறப்ப சொன்னேன், தண்ணி புடிக்கறப்ப சொன்னேன், ரோடு தாண்டறப்ப நிவி கையப் புடிச்சுக்கினு வாய்க்குள்ளயே சொன்னேன். எல்லாம் வருது, சட்டம்ன்ற எடம் வந்தா மட்டும் நாக்கு முள்ளு குத்தின மாதிரி நின்னுடுது. ஏன்னு எனக்குத் தெரியும். சட்டம்னு என்கிட்ட கடைசியா சொன்னது நாங்க முன்ன இருந்த ஆத்தோரத்துக்கு ஜேசிபியோட வந்த ஆளு. வெள்ளச் சட்ட, கழுத்துல கார்டு, ரொம்ப மரியாதையாதான் பேசினான். "இது சட்டப்படி ஆத்து எடம். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்குத்தான் வேற எடத்துல மாடி வீடு குடுக்கறமே." எங்க நைனா கட்டின சொவுரு அது, அப்பறம் நான் ஷீட்டு போட்டேன், கோமளா சொவுத்துக்கு ரோஸ் கலரு அடிக்கணும்னு அடம் புடிச்சு அடிச்சா. ஜேசிபி நகத்த வச்சு ஒரு தட்டுதான். ரோஸ் கலரு உள்பக்கம் வெளிய தெரிய, ஊரே எங்க வூட்ட பாத்துச்சு. அப்ப நிவி ஸ்கூல்ல இருக்கா. நடு வருஷம், பரீச்சைக்கு முந்தி. மத்தவங்க பாத்திரம் பீரோன்னு லாரியில ஏத்தறாங்க, எனக்கு ஒரே நெனப்பு, பெல் அடிச்சா புள்ள இங்க வந்து நிக்குமே, வூடு இருந்த எடத்துல மண்ணப் பாக்குமேன்னு. ஓடினேன். கிளாஸ் வாசல்ல போயி நின்னா பிரிசில்லா மிஸ் என்னப் பாத்துட்டு, நிவியோட பையில புஸ்தகத்தையெல்லாம் அவங்களே எடுத்து வச்சு, தோள்ல மாட்டி உட்டாங்க. "எங்க இருந்தாலும் படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்கப்பா"ன்னாங்க. லாரியில ஏறினப்பறம் தான் நிவி கேட்டா, "நாளைக்கு மிஸ்ஸு பேரு கூப்புட்டா யாருப்பா உள்ளேன் சொல்றது?" பீரோ ஆடிக்கினே இருந்துச்சு, நான் அதப் புடிச்சுக்கினு வந்தேன்.

கிச்சடி வாசன. வராண்டாவோட அந்தக் கோடில புள்ளைங்க வரிசையா தட்டு வச்சுக்கினு குந்தியிருக்கு, காலைல சாப்பாடு போடறாங்க இந்த ஸ்கூல்ல. நாங்க காலையில டீயும் பன்னும்தான். நிவி கால ஆட்டறத நிறுத்திட்டா. மூக்கு சாப்பாட்டுப் பக்கம், கண்ணு மட்டும் தரையில. சமையல் பண்ற அம்மா ஒருத்தங்க, நெத்தியில வேர்வ, கரண்டியக் கைல வச்சுக்கினே எங்களப் பாத்துட்டாங்க. "ஏ பாப்பா, ஏன் அங்க குந்திக்கினு இருக்க, வா வா, தட்டு எடுத்துக்கோ." நான் போன்னு சொல்றதா வேணான்னு சொல்றதான்னு தெரியாம முழிக்கறேன். போனா சோத்துக்கு வந்தோம்னு நெனச்சுடுவாங்களோ. வேணான்னா புள்ள பசி. நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நிவியே சொல்லிட்டா. சத்தமா, தெளிவா. "நான் இந்த ஸ்கூலு இல்ல." அந்தம்மா கரண்டி அப்டியே நின்னுது. "அப்ப எந்த ஸ்கூலு?" நிவி என்னப் பாத்தா. எந்த ஸ்கூலுப்பா நானுன்னு கேக்கற பார்வ. பழைய ஸ்கூலுன்னு சொல்ல முடியாது, போறதில்ல. இந்த ஸ்கூலுன்னு சொல்ல முடியாது, சேக்கல. எந்த ஸ்கூலும் இல்லன்னு அவ வாயால சொல்லிருவாளோன்னு பயந்து, "சேரத்தான் வந்திருக்கோம்மா"ன்னு நான் முந்திக்கினேன். அந்தம்மா ஒரு தட்டுல கிச்சடி போட்டு எடுத்துனு வந்து பெஞ்சு மேல வச்சாங்க. "எந்த ஸ்கூலு புள்ளையா இருந்தா இன்னா, பசி ஒண்ணுதான, தின்னு." நிவி என்னக் கேட்டுட்டுத்தான் தின்னா. தின்னு முடிச்சு தட்டக் கழுவிக் குடுத்துட்டு வந்து மறுபடியும் அதே எடத்துல குந்தி, பாவாடைய முட்டிக்கு இழுத்து உட்டுக்கினா.

பெல்லு. எல்லாம் எந்திரிச்சு வரிசையா நிக்குது. நிவியும் எந்திரிச்சா, பழக்கம், பெஞ்சுக்குப் பக்கத்துலயே தனியா ஒரு வரிசையா நின்னா. வாழ்த்துப் பாட்டு முழுசும் வாய அசச்சா. மறக்கல, அது ஒண்ணு மறக்கல. மத்ததெல்லாம் மறந்துகினு வரா. போன வாரம் ஒரு நாள் பேர எழுதச் சொன்னேன், நிவேதிகாவுல வே எழுதறப்ப கொம்பு எந்தப் பக்கம்னு நின்னா. என்னக் கேக்கறா. எனக்கு என் பேரு எழுதவே மூச்சு வாங்கும். ரெண்டு பேரும் அந்த வே எழுத்தப் பாத்துக்கினு குந்தியிருந்தோம். அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே வேலைக்குப் போற நாள் போனாலும் சரி, இவள ஸ்கூல்ல சேத்துடறதுன்னு. வேலைன்னா, தண்ணி கேன் போடறது. ஆத்தோரத்துல இருந்தப்ப எங்க தெருவச் சுத்தி எல்லா வூட்டுக்கும் நான்தான், மூணு மாடி ஏறி எறங்குவேன். இங்கேர்ந்து அங்க போய் சேர்றதுக்குள்ள ஜனங்க தண்ணி குடிச்சு முடிச்சுடுவாங்க. வேற ஒருத்தன் புடிச்சுக்கினான். பரவால்ல, தோளு இருக்கு. இங்க ஒரு கம்பெனியில லோடு எறக்கக் கூப்புடறான், காலைல மட்டும் வர முடியாதுன்னு சொல்லிட்டேன். ஏன்டான்னான். புள்ளைய ஸ்கூல்ல சேக்கணும்னேன். அதுக்கு எத்தினி நாளுடா ஆவும்னு சிரிச்சான்.

அவன் சிரிச்சதுல தப்பு இல்ல. கேக்கறவனுக்கு அது சிரிப்புதான். டீசி வாங்கினு வான்னாங்க இங்க. பழைய ஸ்கூலுக்குப் போனா, பிரிசில்லா மிஸ் மாத்தலாயி போயிட்டாங்க, வேற ஒருத்தர் கம்ப்யூட்டரப் பாத்துட்டு, புது ஸ்கூல்லேர்ந்து கம்ப்யூட்டர்ல புள்ளையோட நம்பரப் போட்டு அவங்க பக்கம் இழுத்தாதான் எங்களுக்குத் தெரியும்னாரு. இங்க வந்து சொன்னா, அவங்க மொதல்ல அங்கேர்ந்து தள்ளி உடணும்ப்பா, உட்டாதான் நாங்க இழுக்க முடியும்ங்கறாங்க. அவங்க இழுக்கணும்ங்கறாங்க, இவங்க தள்ளணும்ங்கறாங்க, நடுவுல என் பொண்ணு கதவு மாதிரி மாட்டிக்கினு நிக்குது. அது வரைக்கும் பழைய ஸ்கூலுக்கே போவட்டுமேன்னு கொஞ்ச நாளு கோமளாவே இட்டுனு போனா, அவ ஏறற மொத பஸ்ஸுல. இருட்டுல எழுப்பினா புள்ள கண்ணத் தொறக்காமயே சட பின்ன தலையக் காட்டும். பஸ்ஸுல நின்னுகினே தூங்கும், வாந்தி எடுக்கும், கிளாஸுல டெஸ்க்குல தல சாய்க்கும். அப்பறம் அந்த நாளு. வேணாம், நெனைக்க வேணாம். நெனைக்காம இருந்தா மட்டும் வராம இருக்குதா. கூட்டம் தள்ளிக் கோமளா எறங்கிட்டா, கையப் புடிச்சுக்கினுதான் எறங்கினேன்றா, கீழ வந்து பாத்தா கைல இருக்கறது பை வாரு. கதவு மூடிடுச்சு. பஸ்ஸு போவுது. பஸ்ஸுக்கு உள்ள நிவி. கோமளா பின்னாடியே ஓடியிருக்கா, செருப்பு ஒரு பக்கம் புடவ ஒரு பக்கம், வண்டிக்காரன்லாம் ஆரன் அடிக்கறான். அடுத்த ஸ்டாப்புல கண்டக்டர் புண்ணியவான் புள்ளையக் கைலப் புடிச்சுக்கினு கீழ எறங்கி நின்னிருக்கான். எனக்கு போன்ல சொல்றப்ப கோமளாவுக்கு பேச்சே வரல, மூச்சு மட்டும்தான் கேக்குது. அந்த மூச்சு இன்னும் என் காதுல இருக்கு. இப்பக்கூட. நிவி கையத் தேடிப் புடிச்சுக்கினேன். "இன்னாப்பா?" ஒண்ணுமில்ல. கை சூடா இருக்கு, கிச்சடி வாசன வருது, இங்கதான் இருக்கா. அன்னிக்கு சாயங்காலம் கோமளா சொன்னா, "படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், புள்ள உசுரோட இருந்தா போதும் எனக்கு." ரெண்டும் வேணும்னு எனக்குத் தோணுச்சு. உசுரும் படிப்பும் ரெண்டும் வேணும்னு கேக்கறது பேராசையா. எங்க பிளாக்குலேர்ந்து இந்த ஸ்கூலு ரோட்டுக்கு அந்தாண்டதான இருக்கு. கண்ணுக்குத் தெரியுதே. எங்க மாடியிலேர்ந்து பாத்தா இந்தக் கொடிக்கம்பமே தெரியுது.

பெஞ்சுல இன்னொரு அம்மா வந்து குந்தினாங்க. உள்ளூர்க்காரங்க, பைய மடியில வச்சுக்கினு ஸ்கூலையே முறைக்கறாங்க. நானா ஒண்ணும் பேசல, அவங்களேதான் ஆரம்பிச்சாங்க. "முன்னல்லாம் இந்த ஸ்கூலு எப்டி இருந்துச்சு தெரியுமா? ஒரு கிளாஸுக்கு ஒரு டீச்சர். இப்ப பாரு, ரெண்டு கிளாஸ ஒண்ணா அடைச்சு வச்சிருக்காங்க. என் பையனுக்குத் தலையெல்லாம் பேனு. எல்லாம் அந்த ஹவுசிங் போர்டு வூட்டுல கொண்ணாந்து குடி வச்சாங்க பாரு, அதுலேர்ந்துதான். வந்துட்டாங்க கூட்டமா." எந்திரிச்சுப் போயிடலாமான்னு ஒரு செகண்டு. இல்ல, பெஞ்ச உட்டு எந்திரிக்கக் கூடாது. நிவி கேட்டுக்கினு இருக்கா, கால ஆட்டாம. கை மெதுவா தலைக்குப் போவுது, சொறியல, ரிப்பனத் தொட்டுப் பாத்துட்டு எறக்கிட்டா. அதான் என்னப் பேச வச்சுது. "நாங்க வரலீங்க, எங்களக் கொண்ணாந்து உட்டாங்க"ன்னேன். அந்தம்மா திரும்பி என்னப் பாத்தாங்க, புள்ளையப் பாத்தாங்க. "நான் உன்னச் சொல்லலப்பா." "எங்களத்தாங்க சொன்னீங்க. பரவால்ல. ரெண்டு கிளாஸ ஒண்ணா அடைச்சா உங்க புள்ளைக்கும் கஷ்டந்தான். நீங்களும் அதக் கேக்கத்தான வந்திருக்கீங்க?" ஆமான்னாங்க. கோவமா இல்லையான்னு தெரியல, ஆனா எந்திரிச்சுப் போவல, பெஞ்சுல தள்ளியும் குந்தல.

வெயிலு வராண்டா ஓரம் வரைக்கும் வந்துடுச்சு. மேடம் மீட்டிங்ல இருக்காங்கன்னு ஆயாம்மா சொன்னாங்க, பொய்யின்னுதான் நெனச்சேன். தண்ணி குடிக்க நிவியக் கூட்டிகினு போறப்ப ஜன்னல் வழியாப் பாத்தேன், மீட்டிங் இல்ல, மேடமே கிளாஸு எடுத்துக்கினு இருக்காங்க. ஒரே ரூமு, இந்தப் பக்கம் மூணாவதாம், அந்தப் பக்கம் ரெண்டாவதாம். இந்தப் பக்கம் கணக்கப் போடச் சொல்லிட்டு அந்தப் பக்கம் போயி பாட்டு சொல்றாங்க, அந்தப் பக்கம் பாடறப்ப இந்தப் பக்கம் அடிச்சுக்குது. குரலு கம்மிப் போயிருக்கு. பாத்துட்டு வந்து குந்தினப்பறம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. திட்டறதுக்கு ஒரு ஆளு இருந்தா நல்லாயிருக்கும். பாவம், அந்தம்மாவும்தான் இன்னா பண்ணும். பாரு, தலைய ஆட்டறதுக்கு மனசு ரெடியாவுது. இப்டித்தான் எங்க நைனாவும் ஆட்டியிருப்பாரு. நான் மூணாவது படிக்கறப்ப ஆத்தோரத்துல எங்க பக்கம் குடிச எல்லாம் எரிஞ்சுது. கார்ப்பரேஷன் கிரவுண்டுல தார்ப்பாய் கட்டி இருந்தோம். எல்லாம் வேலைக்குப் போவ, நான் தங்கச்சியப் பாத்துக்கினு பானையக் காவல் காத்துக்கினு இருந்தேன். ஸ்கூலுன்னு கேட்டேன். நைனா என் தலையத் தடவிட்டு, "அடுத்த வருஷம் சேத்துக்கலாம்டா ராசா"ன்னாரு. பொய் சொல்லல அவரு. நெசமாத்தான் நெனச்சாரு. அந்த வருஷம் போயி அடுத்த வருஷம் வந்தப்ப, எனக்கே வெக்கமா இருந்துச்சு, சின்னப் புள்ளைங்களோட எப்டி குந்தறதுன்னு. டீக்கடையில கிளாஸு கழுவப் போனேன். யாரும் என்ன ஸ்கூல்லேர்ந்து தொரத்தல. யாரும் வேணான்னு சொல்லல. சும்மா தள்ளித் தள்ளிப் போச்சு, ஒரு நாளு பாத்தா நான் பெரியாளு. அப்டித்தான் போவும் அது. சத்தமே வராது. ஜேசிபியாவது சத்தம் போட்டுச்சு.

மேடம் வராங்க. புடவ முந்தானைல சாக்பீஸ் தூளு, கைல டஸ்டர். என்னப் பாத்ததும் நடை கொஞ்சம் மெதுவாச்சு. நான் எந்திரிச்சுட்டேன், பெஞ்ச உட்டு எந்திரிக்கறதில்லன்னு இருந்தவன், மரியாதைக்கு எந்திரிக்காம முடியல. "மறுபடியும் வந்துட்டியாப்பா? நான்தான் சொன்னேனே." டீசி இல்லைன்னாலும் புள்ளைய சேத்துக்கணும்னு மனசுக்குள்ள ஒருவாட்டி ஓட்டிப் பாத்தேன். "மேடம், டீசி இல்லைன்னாலும்." அவ்ளோதான். நின்னுடுச்சு. அந்த வெள்ளச் சட்ட, அந்த கார்டு. வாய் தொறந்தபடி நிக்கறேன், புள்ள என்னப் பாக்குது, உள்ளூர்க்காரம்மா பாக்கறாங்க. மேடமே எடுத்துக் குடுத்தாங்க. "சேத்துக்கணும்னு சட்டம் இருக்கு. அதான? எனக்கும் தெரியும்ப்பா." குரல்ல கோவம் இல்ல, களைப்பு. "சட்டம் எனக்கு ரூம் கட்டித் தரலியே. டீச்சர் தரலியே. எழுதிப் போட்டுக்கினே இருக்கேன், ஒருத்தரும் வரல. எங்க உக்கார வைக்கறது உன் பொண்ண? ஜூன்ல வாயேன், அதுக்குள்ள ஏதாவது பண்ணலாம். நான் சேக்க மாட்டேன்னு சொல்லல." நல்ல மாதிரியா சொல்றாங்க. இதான் அந்த எடம். இங்கதான் என் தல ஆடும். கழுத்த இறுக்கிக்கினு நின்னேன். "ஜூன்னு சொல்லாதீங்க மேடம்." "ஏம்ப்பா?" "எங்க நைனா எனக்கு அப்டித்தான் சொன்னாரு. நான் போவவே இல்ல." மேடம் என் கையப் புடிக்காத கொறையா, "வா, நீயே வந்து பாரு. பாத்துட்டு நீயே சொல்லு"ன்னு ரூமுக்கு இட்டுனு போனாங்க.

பாத்தேன். தரை தெரியல. தோளோட தோளு, முட்டியோட முட்டி, சொவுத்துல முதுவு சாஞ்சு, மேஜைக்கு அடியில கூட ஒண்ணு குந்தியிருக்கு. வேர்வ நாத்தம், எண்ண நாத்தம், மேல ஃபேன் காத்தத் தராம சத்தத்தத் தருது. எல்லாம் என்னத் திரும்பிப் பாக்குது. அவங்க சொன்னது நெசம், எடம் இல்ல. எடம் இல்லதான மேடம்னு என் வாயே சொல்லிரும் போல இருக்கு. அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. கதவுக்கு உள்பக்கமா, மூலையில, செருப்பு. எல்லாப் புள்ளைங்களோட செருப்பும் ஷூவும் குமிஞ்சு கெடக்கு. "தோ மேடம்." "எங்க?" "செருப்பு கெடக்கற எடம்." அவங்க பதில் சொல்றதுக்குள்ள நான் கீழ குந்திட்டேன். ரெண்டு கையாலயும் அள்ளினேன், வாரு அறுந்தது, பின்னு குத்தினது, சின்னச் சின்னதா, மண்ணும் ஈரமுமா. அள்ளி வெளிய வராண்டா ஓரத்துல கொட்டினேன், மறுபடியும் அள்ளினேன். ஒரு பொடிசு சிரிச்சுது, மேடம் அத அதட்டல. கேன் தூக்கற தோளு எனக்கு, இதுல இன்னா கனம் இருக்கு. வெளிய அந்த உள்ளூர்க்காரம்மா செருப்பையெல்லாம் ஜோடி ஜோடியா வைக்க ஆரம்பிச்சாங்க. ஆயாம்மாகிட்டேர்ந்து தொடப்பத்த வாங்கி நான் கூட்டினேன். ஒரு புள்ள குந்தற அளவுக்குத் தரை வந்துச்சு. சிமெண்டு, ஒரு ஓரத்துல விரிசல். தரைதான். நான் நிமிந்து மேடத்தப் பாக்கல, பாத்தா வேணாம்னு அவங்க மொகத்துல தெரிஞ்சுடுமோன்னு பயம். நிவிதான் பாத்தா. மேடம் அவகிட்ட குனிஞ்சு கேட்டாங்க, "பேரென்னம்மா?" "நிவேதிகா." "எந்த கிளாஸ் படிச்ச?" நிவி யோசிச்சா. "ரெண்டாவது"ன்னா. அப்பறம், பொய் சொல்லக் கூடாதுன்னு நெனச்சாளோ இன்னாவோ, "ரெண்டாவதுல பாதி"ன்னா. மேடம் டஸ்டரக் கையில திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு நின்னாங்க. அப்பால, "மீதி பாதிய இங்க படி. போயி உக்காரு"ன்னாங்க.

போயி குந்திட்டா. என்னத் திரும்பிப் பாப்பான்னு நின்னுக்கினு இருந்தேன். பாக்கல. பையத் தொறந்தா, பக்கத்துப் பொண்ணு அவ புஸ்தகத்த எட்டிப் பாக்குது, இவ அவளுத எட்டிப் பாக்கறா. வராண்டாவுக்கு வந்து மேடம் சொன்னாங்க, ஆதார் கார்ட மட்டும் கொண்டு வந்து குடு, அந்த நம்பர நானே அங்க போன் போட்டுப் பேசி இழுத்துக்கறேன்னு. நான் கும்புட்டேன். கும்புட்ட கையக் கீழ எறக்கறதுக்குள்ள குரலத் தாழ்த்தி, "ஒரே ஒரு வேண்டுகோள்ப்பா. உங்க பிளாக்குல போயி யார்கிட்டயும் சொல்லிடாத. இப்ப இன்னும் நாலு பேர் வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?" என்னால மாட்டேன்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல. என் பொண்ணுக்கு எடம் குடுத்தவங்க. இன்னொருத்தரா இருந்தா என்ன ரூமுக்குள்ளயே உட்டிருக்க மாட்டாங்க. கேட்டத் தாண்டி ரோட்டாண்ட வந்தேன். ரெண்டு பக்கமும் லாரியும் பஸ்ஸும் நிக்காமப் போவுது, சிக்னல் இல்ல, நடுவுல கட்டையோரம் ஒதுங்கி நிக்கணும். கை தன்னால பக்கத்துல நீண்டுச்சு, புள்ள கையப் புடிக்க. ஒண்ணுமில்ல, வெறுங் காத்து. அவ உள்ள இருக்கா, கதவுக்குப் பக்கத்துல. சிரிப்பு வந்துச்சு, நடு ரோட்டுல தனியா சிரிக்கறேன். அப்பறம் நெனச்சேன், இந்த ரோட்டுக்கு பயந்துதான எங்க மாடியில பாதி புள்ளைங்க வூட்டுல கெடக்குது. அம்சாக்கா பொண்ணு தனுஜா, நிவிய உட ரெண்டு வயசு பெரிசு, கைப்புள்ளையத் தூக்கிக்கினு மாடிப்படியில எறங்கறதும் ஏறறதுமாவே நாளப் போக்குது. அது நான்தான். கிரவுண்டுல பானைக்குக் காவல் இருந்தவன். யாரும் அதத் தொரத்தல, யாரும் வேணான்னு சொல்லல.

மேடம் சொல்லாதன்னாங்களே. சொல்லாத, சொல்லாதன்னு பிளாக்கு வரைக்கும் காதுல கேக்குது. நல்ல மாதிரியாதான் கேட்டாங்க. தலைய ஆட்டினனா நானு? கும்புட்டதோட சரி, ஆட்டல. நல்லா நெனச்சுப் பாத்தேன், ஆட்டல. நான் சொல்லலன்னா நாளைக்கு அந்த ரூமு அப்டியேதான் இருக்கும். ஒரு செருப்பு மூலைக்கு ஒரு புள்ளன்னு கணக்கு முடிஞ்சுடும். அவங்க எழுதிப் போட்டுக்கினே இருப்பாங்க, ஒருத்தரும் வர மாட்டாங்க. வாசல்ல கூட்டமா நின்னா, வராண்டா ரொம்பினா, வெளிய ரோட்டு வரைக்கும் வரிச வந்தா, அப்பவும் அந்த ஆபீஸருங்க வராம இருப்பாங்களா? எங்களக் காலி பண்றதுக்கு மட்டும் அத்தினி பேரு ஒரே நாளுல வந்தாங்களே. நாளைக்கு மேடம் என்னப் பாத்து மொகத்தத் திருப்பிக்குவாங்க. திருப்பிக்கட்டும், நான் அவங்க பக்கத்துல நின்னு யாருகிட்ட வேணாலும் கேப்பேன். பிளாக்குக்குக் கீழ வந்து நின்னேன். மத்தியான வெயிலு, மாடி மாடியா துணி காயுது, படிக்கட்டு பூரா புள்ளைங்க, ஸ்கூலு நேரத்துல. தண்ணி கேனுன்னு மூணு மாடிக்குக் கேக்கக் கத்தின தொண்ட இது. அண்ணாந்து பாத்து முழுசா மூச்சு இழுத்து உட்டேன் ஒரு சத்தம். "அம்சாக்கா! நாளைக்குக் காலைல தனுஜாவக் குளிப்பாட்டி ரெடி பண்ணு! கைப்புள்ளைய சாந்தகுமாரி டீச்சராண்ட உடு! ஸ்கூலுக்கு அனுப்பறவங்கள்லாம் அனுப்புங்க, ரோடு நான் தாண்டி உடறேன்!" ஒண்ணொண்ணா ஜன்னலு தொறக்குது. அம்சாக்கா மேலேர்ந்து ஈரத் துணியோட எட்டிப் பாத்தா. நிவிய சேத்துக்கினாங்களான்னா. சேத்துக்கினாங்கன்னேன். "மெய்யாலுமா? அப்ப அங்க எடம் இருக்குதாடா லோகு?"

"இல்லக்கா. எடம் இல்ல. அதுக்குத்தான் சொல்றேன், எல்லாரும் வாங்க."